பக்கத்துக் கல்லறை

அப்பா அம்மாவின் கல்லறையைத் தாண்டிப் போனார். பக்கத்துக் கல்லறை முன்னால் குனிந்து, கொண்டுவந்த ரோஜாக்களை அங்கே வைத்தார்.

மகளுக்குக் கையிலிருந்த கேமரா நழுவப் பார்த்தது.

அவள் வேவு பார்க்க வரவில்லை. குடியிருப்போர் சங்க மலருக்கு இந்தப் பழைய கல்லறைத் தோட்டத்தின் வரலாற்றை எழுதித் தருவதாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள். ஊருக்கு வெளியே மேய்ச்சல் நிலமாகக் கிடந்தது, ரயில் பாதை போட வந்து காய்ச்சலில் செத்தவர்களை முதலில் புதைத்தது, அப்புறம் நாலு பக்கமும் வீடுகள் முளைத்தது என்று பாதி எழுதியாகிவிட்டது. படம் எடுக்கத்தான் இன்று காலையில் வந்தாள். வழக்கமாக அவள் வருவது சாயங்காலம்.

'அம்மாவுக்கு ஒரு நாளாவது ஒரு பூ வெச்சிருக்காரா இந்த மனுஷன்?' என்று கணவனிடம் எத்தனை தடவை புலம்பியிருப்பாள். பூவெல்லாம் வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஆள்தான் வேறு.

கல்லைப் படித்தாள். பெயருக்குக் கீழே ஒரு தையல் மெஷின் செதுக்கியிருந்தது. யாரோ ஒரு தையல்காரம்மா.

"யாருப்பா இவங்க?"

அப்பா திடுக்கிட்டுத் திரும்பினார். "நீ எங்கம்மா இந்த நேரத்துல?"

"பேச்சை மாத்தாதீங்க. அம்மா இங்க இருக்கா, நீங்க அங்க பூ வெக்கறீங்க. எத்தனை நாளா நடக்குது இது?"

"உங்கம்மா இங்கதாம்மா இருக்கா" என்று ரோஜாக்களைக் காட்டினார் அப்பா. "பெரிய மழையில மதில் சரிஞ்சு, இந்த வரிசைக் கல்லெல்லாம் பேந்து போச்சே, ஞாபகம் இருக்கா? திரும்ப நட்டவங்க இந்த ரெண்டையும் இடம் மாத்தி நட்டுட்டாங்க. உங்கம்மாவை இந்தத் தண்ணிக் குழாயை ஒட்டித்தான் அடக்கம் பண்ணோம். நீ அன்னிக்குப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில இருந்தே. நீ முதல் தடவை இங்க வர்றதுக்குள்ள கல்லு மாறிடுச்சு. உனக்கு எப்படித் தெரியும்?"

அப்பாவைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. அடுத்த நிமிஷமே கோபமும் வந்தது.

"அப்போ நான் இத்தனை நாளா யாருக்கோ பூ வெச்சு, யார்கிட்டயோ மாமியாரைப் பத்திக் குறை சொல்லிட்டு இருந்தேனா?"

"அந்தம்மா பொறுமையாத்தான் கேட்டுருப்பாங்க."

"சிரிக்காதீங்கப்பா. ஊர் வரலாறு எழுதக் கிளம்பிட்டேன், என் அம்மா எங்க இருக்கான்னு எனக்கே தெரியல. நாளைக்கே சங்கத்துல சொல்லிக் கல்லை மாத்திடறேன்."

"வேணாம்மா. அப்படியே விட்டுடு."

"ஏம்ப்பா?"

அப்பா அம்மாவின் பெயர் போட்ட கல்லைப் பார்த்தார். நேற்று சாயங்காலம் அவள் வைத்த பூக்கள் அங்கே இன்னும் வாடாமல் இருந்தன.

"உங்கம்மாவுக்கு நான் இருக்கேன். அந்தத் தையல்காரம்மாவுக்கு உன்னை விட்டா யாரும்மா இருக்கா?"