டேங்க்குக்குப் பின்னால்

"இன்னாங்க, பக்கத்து ஊட்டுப் பொண்ணு இன்னிக்கும் அந்த மூணு காலு மிஷின மாடியில வச்சி அளந்துக்கினு இருக்குது. நேரா நம்ம டேங்க்கத்தான் பாக்குது."

காய்ந்த துணிகளோடு இறங்கி வந்த திலகவதி சொன்னதும், ஆதிகேசவன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். இது மூன்றாவது நாள்.

சத்தமில்லாமல் மாடி ஏறி, கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். இருட்டத் தொடங்கியிருந்தது. தெற்கு வீட்டு மொட்டை மாடியில், நெற்றியில் ஒரு சிவப்பு விளக்கைக் கட்டிக்கொண்டு ஏஞ்சல் மண்டியிட்டிருந்தாள். ஸ்டாண்டின் மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்தாள். விரல் தடிமனுள்ள குழாயில் ஒற்றைக் கண்ணை வைத்தாள். ஒரு திருகை லேசாகத் திருப்பிவிட்டு மறுபடி பார்த்து, தலையை ஆட்டினாள்.

கவரைப்பேட்டையில் ரோடு அளக்க வந்தவர்களும் இதே மாதிரி ஸ்டாண்டுதான் வைத்திருந்தார்கள்.

அவள் போனில் பேசுவது காதில் விழுந்தது. "வடக்கு கரெக்டா வச்சிட்டேன்டி. பதிமூணு டிகிரி, அதுவும் சரி. பக்கத்து ஊட்டு அங்கிளோட டேங்க்தான் குறுக்க நிக்குது. அவராண்ட எப்படிக் கேக்கறதுன்னு தெரியல."

ஆதிகேசவன் தவழாத குறையாகக் கீழே இறங்கினார்.

ஏஞ்சல் வீடு இருக்கும் மனை ஆறு வருடம் புதர் மண்டிக் கிடந்தது. சொந்தக்காரர் பெங்களூரில். அப்போதுதான் ஆதிகேசவன் தன் காம்பவுண்டுச் சுவரை அந்த மனைக்குள் இரண்டடி தள்ளிக் கட்டினார். கிடைத்த இடத்தில் இரும்புத் தூண் நட்டு டேங்க்கையும் ஏற்றினார். பிறகு ஒரு பில்டர் அந்த மனையை வாங்கி, வீடு கட்டி, ஏஞ்சலுக்கு விற்றார். யாரும் டேப் பிடித்துப் பார்க்கவில்லை.

இப்போது இவள் பார்க்கிறாள். அதுவும் எப்படிப்பட்டவள்! கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். நூலிழை வித்தியாசம் இருந்தாலும் சாமானைத் தூக்கி ஓரமாகப் போடுவதுதான் அவள் வேலையே.

"வக்கீல் நோட்டீஸ் வர்றதுக்கு முன்னாடி நீங்களே போயி ஒத்துக்கினு வந்துடுங்க," என்றாள் திலகவதி. "கட்டும்போதே வேணாம்னேன். கேட்டீங்களா?"

"நீதானடி பெரிய டேங்க் வேணும்னு பேஜாரு பண்ண!"

இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் பைக் நின்றாலே கோர்ட் ஆள் என்று தோன்றியது. ஞாயிறு மாலை ஒரு கிலோ ஆரஞ்சு வாங்கிக்கொண்டு, ஏஞ்சல் வீட்டு மாடிப்படி ஏறினார்.

"வாங்க அங்கிள்! நானே வரணும்னு இருந்தேன். உங்க டேங்க் விஷயமா..."

"தெரியும்மா. நீ அளக்கறத எல்லாம் பாத்துக்கினுதான் இருக்கேன்."

"அய்யோ, உங்களுக்குத் தொந்தரவா இருந்துச்சா?"

"தொந்தரவு குடுத்தது நான்தாம்மா. நாளைக்கே ஆள வச்சி டேங்க்க எறக்கிடறேன். செவுத்தையும் இடிச்சி ரெண்டடி பின்னால கட்டிக்கறேன். சும்மாதான கெடக்குதுன்னு புத்தி கெட்டுப் போச்சு. கேஸு கீஸுன்னு மட்டும் போயிடாத. இந்த வயசுல போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல நிக்க வச்சிடாதம்மா."

கும்பிட்ட கையை அவர் இறக்கவில்லை. ஏஞ்சல் ஒன்றும் புரியாமல் அவரையே பார்த்தாள். பிறகு ஓரமாகப் போர்த்தியிருந்த துணியை விலக்கி, நீளமான வெள்ளைக் குழல் ஒன்றை எடுத்து ஸ்டாண்டின் மேல் பொருத்தினாள். டெலஸ்கோப்.

"நான் நட்சத்திரத்தை போட்டோ எடுக்கறேன் அங்கிள். இந்த ஸ்டாண்ட துருவ நட்சத்திரத்துக்கு நேரா நிறுத்தணும். இல்லன்னா போட்டோவுல எல்லாம் கோடு கோடா இழுத்துடும். நம்ம ஊருல அது பதிமூணு டிகிரி உசரத்துல, ரொம்பத் தாழ்வா இருக்குமா, கரெக்டா உங்க டேங்க்குக்குப் பின்னால மாட்டிக்கிச்சு."

ஆதிகேசவனின் கைகள் மெல்லக் கீழே வந்தன.

"நேத்துதான் வேற வழி தெரிஞ்சுது. தலைக்கு மேல ஒண்ணு, கெழக்கால ஒண்ணு, ரெண்டு நட்சத்திரம் எப்படி நகருதுன்னு பாத்தே சரி பண்ணிட்டேன். துருவ நட்சத்திரமே தெரிய வேணாம்."

"அப்ப டேங்க் விஷயம்னியே?"

"அதுவா? மூணு நாளா அதையே பாத்துக்கினு இருந்தேன்ல. மூடி தெறந்து கெடக்குது அங்கிள். காக்கா உக்காந்து தண்ணி குடிக்குது. அதச் சொல்லத்தான்."

"மூடி!" அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதிதான் வந்தது. "மூடிட்டாப் போச்சு. நான் வரேம்மா."

ஆரஞ்சுப் பையை அங்கேயே வைத்துவிட்டு வேகமாகத் திரும்பினார். இரண்டு படி இறங்கியிருப்பார். பின்னால் ஏஞ்சலின் குரல் கேட்டது.

"அங்கிள், எந்தச் செவுரு?"