முகத்தில் காட்டாதே

"ரிப்போர்ட் மோசமா இருந்தா முகத்துல காட்டக் கூடாது," என்றார் பயிற்சி கொடுக்கும் சிஸ்டர். "சிரிச்சுக்கிட்டே உட்கார வை. தண்ணி குடு. கூட யாரு வந்திருக்காங்கன்னு கேளு. மீதியை டாக்டர் பாத்துக்குவார்."

மருத்துவ உதவியாளர் வகுப்பில் எல்லோரும் நடித்துக் காட்டினார்கள். கைதட்டல், வாயாடி என்று பெயரெடுத்த ஒருத்திக்குத்தான். முந்தின நாள் ஒருத்தி கையில் ஒருத்தி ஊசி குத்தி ரத்தம் எடுத்துப் பழகியதில் அவள் முழங்கை மடிப்பு நீலம் பாரித்திருந்தது. அதுகூட அவள் வாயை அடைக்கவில்லை.

ரத்தப் பரிசோதனை மெஷின் துப்பிய தாள் ஒன்றை எடுத்துப் பார்த்தாள்.

"ஏழாம் நம்பர் யாரு சிஸ்டர்? வெள்ளணு இருபது மடங்கு ஏறிக் கிடக்கு. இந்த ஜென்மம் இன்னும் நடமாடிக்கிட்டா இருக்கு?"

வகுப்பே சிரித்தது.

"எந்த பேஷன்ட்டுன்னு பாக்கறேன், இரு," என்று சிஸ்டர் நோட்டைப் புரட்டினார்.

இன்றைய பக்கத்தில் ஏழாம் நம்பர் இல்லை. நேற்று மாணவிகளிடம் எடுத்த ரத்தத்தையும் வீணாக்காமல் மெஷினில் போட்டிருந்தார்கள். நேற்றைய பக்கத்தில், ஏழுக்கு நேரே இருந்த பெயரில் அவர் விரல் நின்றது.

நோட்டை மூடினார். குறையே சொல்ல முடியாத ஒரு சிரிப்போடு வாயாடியின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காரும்மா. தண்ணி குடிக்கிறியா? கூட யாரு வந்திருக்காங்க?"