ஞாயிற்றுக்கிழமைக் கடல்

"மாப்பிள்ளை, உள்ளே ஒரு சொட்டுத் தண்ணி இருந்தாலும் நீங்க உங்க அண்ணன் குடைக்கடைக்கே போயிடலாம். அங்கயாவது நனையாம இருப்பீங்க."

மாமனார் சொன்னதைக் கேட்டு மகள் களுக்கென்று சிரித்தாள். புருஷன் முறைத்ததும் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

படகுத்துறையை ஒட்டிய பட்டறை அது. ஒரு வருஷமாகக் கடலுக்குள் கிடந்த வெப்ப சென்சாரை அன்று காலைதான் வயரோடு மேலே இழுத்திருந்தார்கள். அதை உப்புத் தண்ணீர் தொடாதபடி குழாயில் வைத்து, பசை ஊற்றி, காற்றுக் குமிழிகளைப் பம்ப் போட்டு உறிஞ்சி மூடியது மருமகன். கம்ப்யூட்டருக்குப் பின்னால் ப்ளக்கைச் சொருகியது மட்டும் மாமனார். ரிப்பன் வெட்டும் தோரணையில் சொருகிவிட்டு, "இனிமே இந்தப் பக்கம் யாரும் கை வைக்கக் கூடாது" என்று உத்தரவும் போட்டுவிட்டார்.

அதே அச்சில் வார்த்த இன்னொரு சென்சார், வாலாக நீண்ட வயரோடு ஏசிக்குக் கீழே கண்ணாடிப் பெட்டியில் கொலுவிருந்தது. வருகிறவர்களுக்குக் காட்ட.

இன்று வந்திருந்தவர் கடல் ஆராய்ச்சி நிலையத்து அம்மா. விடுமுறை நாளில் அவரை வரவழைத்தது மாமனாரின் மகத்தான கண்டுபிடிப்பு: ஞாயிற்றுக்கிழமைகளில் கடல் சூடாகிறது!

"வாரம் தவறாமலா?" என்றார் அந்த அம்மா, கழுத்து வியர்வையைத் துடைத்தபடி.

"தவறவே தவறாது. அன்னிக்குப் படகு ஓடாதுல்ல? கடலை யாரும் கலக்கறதில்ல. ஆத்தாத டீ மாதிரி சூடு அப்படியே நிக்குது." தாடையைத் தடவிக்கொண்டார். "இதுக்கு என் பேரையே வெச்சிடலாம்னு இருக்கேன். அடக்கமா, சின்ன எழுத்துல."

"முதல்ல திறங்க. ஈரம் இறங்கியிருந்தா நீங்க அனுப்பின அளவெல்லாம் குப்பை. இறங்கலைன்னா எங்க நிலையத்துக்கு மொத்த சென்சாரும் உங்க மாப்பிள்ளைகிட்டதான்."

பாசியும் சிப்பியும் அப்பிய குழாயை மருமகன் ரம்பத்தால் அறுத்தான். உறை பிளந்தது. அந்த அம்மா சென்சாரை எடுத்து மெல்லிய காகிதத்தில் ஒற்றினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"துளி ஈரம் இல்ல!"

மருமகன் பெண்டாட்டியை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான்.

"ஐயோ, இறக்கி விடுங்க! அப்பா பாக்கறார்!"

"பாக்கட்டும்டி! குடை விக்க நான் போகல!"

மாமனார் பார்க்கவில்லை. அவர் மேல்கூரையைப் பார்த்து, எந்த மேடையில் எந்தச் சால்வை என்று யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு பெருந்தன்மை பொங்க, "ஏசியைப் போடும்மா! ஞாயித்துக்கிழமை ஏசி கிடையாதேன்னு பாக்காதே, விருந்தாளி வந்திருக்காங்க" என்றார்.

ஏசி உறுமியது. அந்த அம்மாவின் பார்வை கம்ப்யூட்டர் திரையில் விழுந்தது. 'கடல் வெப்பம்: 31'. பார்த்துக்கொண்டிருக்கும்போதே 30. அப்புறம் 29.

"என்னங்க இது? நான் சென்சாரைக் கைக்குள்ள இறுக்கிப் பிடிச்சிருக்கேன். ஏறணும். இறங்குதே?"

மருமகன் மேஜைக்குப் பின்னால் குனிந்தான். கடல் சென்சாரின் வயர், ப்ளக்கின் பிளாஸ்டிக் மூடிகூடக் கழற்றப்படாமல் தரையில் கிடந்தது. கம்ப்யூட்டரில் சொருகியிருந்த வயரை விரலால் தொட்டுக்கொண்டே போனான். அது சுவரேறி, நேராகக் கண்ணாடிப் பெட்டிக்குள் நுழைந்தது.

திரையில் 27.

மகள் ரிமோட்டைக் கையில் எடுத்தாள்.

"அப்பா, ஏசியை அணைச்சிடவா? உங்க கடலுக்கு ஜலதோஷம் பிடிச்சுக்கப் போகுது."