நாலு மணிக் கப்பல்

கிரேக்க நாட்டின் பிரேயஸ் துறைமுகத்தில் கரைசேரும் கப்பல்களின் கயிற்றைப் பிடித்துக் கட்டுவது என் வேலை. துறைமுக வாசலில் என் நண்பன் பந்தெலிஸின் பெட்டிக்கடை. அதற்கு எதிரே உள்ள விளக்குக் கம்பத்தில்தான் பேட்டையின் சாவு அறிவிப்புகளை ஒட்டுவார்கள்.

அன்று காலை அதில் பந்தெலிஸின் பெயர் இருந்தது. வயது ஐம்பத்தெட்டு, மனைவி அர்கிரோ, அடக்கம் இன்று மாலை நான்கு மணி. எதிலும் பிழையில்லை.

"நாலு மணியா? சிரோஸ் தீவுக் கப்பல் வர்ற நேரமாச்சே. செத்தாலும் வியாபார நேரத்துலதான் சாகணுமா?" என்றான் பந்தெலிஸ், கடையிலிருந்து எட்டிப் படித்துவிட்டு.

"கிழிச்சுப் போடுடா."

"என்ன கூத்துன்னு சர்ச் வரைக்கும் போய்ப் பாத்துட்டு வந்துடறேன். அதுவரைக்கும் கடையப் பாத்துக்க."

சவரம் செய்துகொண்டு, கோட்டை மாட்டிக்கொண்டு மூன்றரைக்குக் கிளம்பினான்.

ஆறு மணிக்கு அர்கிரோ கறுப்பு உடையில் வந்து தண்ணீர் கேட்டாள். பந்தெலிஸ் எங்கே என்றேன்.

"சரியா நாலு மணிக்கு வந்துட்டாரு. எல்லாரும் காத்துக்கிட்டுத்தான் இருந்தோம். நல்லபடியா அடக்கம் பண்ணியாச்சு. கடைய இனிமே நீங்களே பாத்துக்குங்க."

பார்த்துக்கொண்டேன். இன்று காலை கம்பத்தில் என் பெயர். அதே நான்கு மணி.

சவரம் செய்துவிட்டேன். கடையைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் கிடைக்கவில்லை.