களிம்பு யாருடையது?

"இது யாரோடது? மரியாதையா ஒத்துக்கிட்டா விட்டுடறேன்."

தையல் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு சூப்பர்வைசர் ஒரு டியூபைத் தூக்கிக் காட்டினார். பாத்ரூம் ஜன்னலில் கிடந்தது என்று பட்டன் தைக்கிற பெண் அப்பாவியாகக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். அதில் எழுதியிருந்ததைக் கடைசி மெஷின் வரை கேட்கும்படி அவர் வாசித்தார்.

"மூலத்துக்கான களிம்பு."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஆணுக்கும் பெண்ணுக்கும் அங்கே ஒரே பாத்ரூம். ஆகவே யார் மேலும் சந்தேகப்படலாம். அந்த வசதியை அவர் விடுவாரா?

"நாள் பூரா உட்கார்ந்து தைக்கிறீங்க. யாருக்கோ கீழே தையல் பிரிஞ்சிருக்கு."

கூடம் சிரித்தது. எல்லார் கண்ணும் ஓவர்லாக் மெஷின் பக்கம் போனது. அங்கே இருந்தவள் பிரசவம் முடிந்து, போன மாதம்தான் வேலைக்குத் திரும்பியவள். ஸ்டூலில் துண்டை மடித்துப் போட்டு, அதிலும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்காருவாள்.

"என்னம்மா, உன்னோடதா?"

அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா, இல்லை என்றா, அவளுக்கே தெரியவில்லை. இன்னும் ஒரு கேள்வி கேட்டால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள், மறுநாள் வரமாட்டாள். பாவம், இந்தச் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது.

"அது என்னோடது சார்," என்றார் கட்டிங் மாஸ்டர்.

"நீங்க நாள் பூரா நின்னுக்கிட்டே துணி வெட்டறவராச்சே, மாஸ்டர்."

"உட்கார முடியலைன்னுதானே நிக்கிறேன்."

இப்போது சிரிப்பு இன்னும் பலமாக வந்தது. மாஸ்டர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"இதுல சிரிக்க என்னப்பா இருக்கு. தண்ணி குடிக்கறதில்ல, காய்கறி திங்கறதில்ல, பாத்ரூமுக்குள்ள போனா செல்போனோட அரை மணி நேரம், அப்புறம் முக்கறது. வராம என்ன செய்யும்? பிள்ளை பெத்தவங்களுக்கும் வரும். முக்கால்வாசி சாதாரண விஷயம்தான். வெதுவெதுன்னு தண்ணியில கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே வலி குறையும். ஆனா ரத்தம் வந்தா நாமளே களிம்பு தடவிக்கிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. டாக்டர்கிட்ட காட்டிடணும்."

"அனுபவம் பேசுது," என்றார் சூப்பர்வைசர். "இனிமே இவர் கட்டிங் மாஸ்டர் இல்ல, மூல மாஸ்டர்."

அன்று முழுக்க அந்தப் பெயர்தான். மாஸ்டர் கேட்டும் கேளாதவர் போல வெட்டிக்கொண்டிருந்தார். ஆனாலும் காது மடல் சிவந்திருந்தது.

மதியம் ஓவர்லாக் பெண் தைத்த துணியைக் கொடுக்கிற சாக்கில் அவரிடம் வந்தாள்.

"மாஸ்டர், சத்தியமா அது என்னோடது இல்ல. ஆனா எனக்கும் ரத்தம் போகுது. யார்கிட்டயும் சொல்லல. பயமா இருக்கு."

"நாளைக்கே போய்க் காட்டும்மா."

"லீவு கேட்டா எதுக்குன்னு குடைவாரே."

"அதை நான் பார்த்துக்கறேன்."

சாயங்காலம் கூடம் காலியானதும் மாஸ்டர் சூப்பர்வைசர் அறைக்குப் போனார்.

"வாங்க மூல மாஸ்டர். உட்காருங்க, முடிஞ்சா."

மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு, நன்றாகச் சாய்ந்து, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

"ஓவர்லாக் பொண்ணு நாளைக்கு டாக்டர்கிட்ட போகுது. காரணம் கேட்காம லீவு கொடுத்துடுங்க சார்."

"கொடுத்துட்டாப் போச்சு. நீங்க போகலையா?"

"எனக்கு ஒண்ணும் இல்லையே சார். நீங்கதான் போகணும். காலையில நீங்க வெளியே வந்ததும் உள்ளே போனது நான்தான். கையில கொடுத்தா சங்கடப்படுவீங்களேன்னு, பார்த்தும் பார்க்காத மாதிரி ஜன்னல்லயே விட்டுட்டு வந்தேன்."