இருபத்தெட்டாம் நாள்

மூன்றாவது தடவையும் ஒரே ஒரு மணி அடிக்கவிட்டு டாக்டர் போனை வைத்தார்.

படிவத்தில் மூன்று கட்டங்கள். முதல் முயற்சி, இரண்டாம் முயற்சி, மூன்றாம் முயற்சி. மூன்றிலும் நேரம் எழுதியாகிவிட்டது. பகல் 1.10. 1.25. 1.40. எழுத்து எப்போதும் போல அச்சுக் கோத்த மாதிரி இருந்தது.

அதற்குக் கீழே இரண்டு வரிகள்.

குழந்தை இறந்துவிட்டது.

தொடர்பு கிடைக்கவில்லை.

இரண்டாவதில் டிக் அடித்தார்.

கடைசிப் பிள்ளையையும் பார்த்து அனுப்பியாகிவிட்டது. வெளி அறையில் ரெஜினா சிஸ்டர் எடை பார்க்கும் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காலையில் அவள்தான் சொன்னாள். தடுப்பூசிப் பெட்டியை உள்ளே வைத்தபடி, போகிற போக்கில்.

"மருதங்கிணறு முத்துச்செல்வி இருக்காள்ல சார், அவ பிள்ள தவறிட்டாம். போன செவ்வாக்கெழம. திரும்பவும் மூச்சிரைப்பாம்."

அவர் தலையை ஆட்டினார். காத்திருந்த பிள்ளையின் நெஞ்சில் குழலை வைத்தார்.

ஆராய்ச்சி என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் மட்டும்தான் செய்ய வேண்டுமா என்று கூட்டத்தில் எழுந்து கேட்டவரே அவர்தான். அப்படிச் சேர்ந்தவர்கள் பன்னிரண்டு பேர். எல்லோரும் சின்ன ஊர்களில் கிளினிக் வைத்திருக்கும் குழந்தை மருத்துவர்கள். நிமோனியாவுக்கு ஐந்து நாள் மருந்து வேண்டுமா, மூன்று நாள் போதுமா என்பதுதான் கேள்வி. முந்நூறு பிள்ளைகள். யாருக்கு எத்தனை நாள் என்பதை மருத்துவர் முடிவு செய்யக் கூடாது. ஒட்டிய உறைக்குள் இருக்கும் சீட்டு முடிவு செய்யும்.

நாலு வாரத்துக்கு முன், முத்துச்செல்வியின் மடியில் ஐந்து மாதப் பெண் பிள்ளை. உறையை அவள் கண் முன்னாலேயே பிரித்தார்.

மூன்று.

மூன்றாம் நாள் மூச்சு சீராகத்தான் இருந்தது. இன்னும் ரெண்டு நாளைக்குக் கொடுத்தால் என்ன என்று அவள் கேட்டாள். ஒரு தடவைதான் கேட்டாள்.

தேவையில்லம்மா என்றார். ஏழாம் நாள், பதினாலாம் நாள், இருபத்தெட்டாம் நாள், நானே போன் பண்ணிக் கேட்பேன் என்றார்.

ஏழாம் நாள் கேட்டார், முதலில் பால் குடிக்கிறாளா என்று. எல்லாம் சரி.

பதினாலாம் நாள், லேசாக இருமுகிறாள் என்றாள். அதையும் எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டதோடு சரி.

இறந்தது என்று டிக் அடித்தால் இன்றைக்கே விளக்கம் எழுதி அனுப்ப வேண்டும். பதினாலாம் நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். கிடைக்கவில்லை என்றால் ஒன்றுமில்லை. முந்நூறில் ஏழெட்டுப் பேர் அப்படித் தொடர்பு விட்டுப்போவது வழக்கம்தான். கட்டுரை வரும். பன்னிரண்டு பெயர்களில் அவர் பெயரும் வரும். அதைப் படித்துவிட்டு ஊர் ஊராக டாக்டர்கள் மூன்றாம் நாளோடு மருந்தை நிறுத்துவார்கள்.

பேனாவை மூடினார்.

போன் அடித்தது.

அடித்துக்கொண்டே இருந்தது. ரெஜினா துடைப்பதை நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

எடுத்தார்.

"டாக்டரய்யாவா? மூணு மட்டம் கூப்பிட்டிருக்கிய. எடுக்கதுக்குள்ள கட்டாயிட்டு."

முத்துச்செல்வி.

"இன்னைக்குக் கூப்பிடுவியன்னு தெரியும். போனை அவுக வயலுக்குக் கொண்டுபோறேன்னாக. நாந்தான் குடுக்கல."

பேனாவைத் திறந்தார்.

தப்பாக எழுதியதைக் கிறுக்கி மறைக்கக் கூடாது. வெள்ளை பூசக் கூடாது. பழையது படிக்கத் தெரிகிற மாதிரி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். பயிற்சி வகுப்பில் மற்ற பதினொரு பேருக்கும் அவர்தான் இதைச் சொல்லிக்கொடுத்தார்.

பேனா முனை அந்த டிக்கின் மேல் நின்றது.

"கேளுங்கய்யா," என்றாள் முத்துச்செல்வி. "மொதல்ல, பால் குடிக்காளான்னுதான கேப்பிய."