மீதிப் பாதி

ஊரையே நடுங்கவைத்த தன் பேய்ப்படத்துக்கு முன்கதை எடுத்திருந்தார் இயக்குநர். முதல் நாள் முதல் காட்சிக்கு அவரும் அரங்கில் வந்து உட்கார்ந்திருந்தார்.

"முடிவு தெரிஞ்ச கதைதானே," என்று பின்வரிசையில் ஒருவன் கொட்டாவி விட்டான்.

இயக்குநரின் பக்கத்தில் இருந்த பாதிரியாருக்கு வேறு கவலை. "மந்திரத்தை முழுசா வச்சிடலையே? முழுசாச் சொன்னா பேய் நிஜமாவே வந்துடும்."

"முதல் பாதி மட்டும்தான் ஃபாதர். பேய் வர வேணாம், கூட்டம் வந்தா போதும்," என்றார் இயக்குநர்.

திரையில் கன்னியாஸ்திரி மந்திரத்தைத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள். அரங்கமே எழுந்து நின்று மீதியை ஒரே குரலில் முழங்கியது.

"பார்த்தீங்களா, தூக்கி வச்சுக் கொண்டாடுறாங்க."

"மீதி இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன படத்துல அந்தப் பாதியைத்தானே..."

படம் நின்றது. வெற்றுத் திரையை மறுபக்கத்திலிருந்து யாரோ மெதுவாகத் தட்டினார்கள்.